பாவா ஆதம் மலையும் என் முழங்காலும்

“இந்த வயசுல உங்களுக்கு என்னத்துக்கு ராத்தா இந்த வேல? படி ஏற ஏலாதெண்டு மேல் மாடிய வாடகைக்குக் குடுத்தீங்க. இப்ப மல ஏறப் போறீங்களா?”

என் தங்கை கேட்டது நியாயமான கேள்விதான். எனக்கு வயது 56. முப்பது வருடம் வகுப்பறையில் நின்றபடியே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். இரண்டு வருடமாக வலது முழங்காலில் நோவு. தரையில் உட்கார்ந்தால் எழும்ப ஒரு கை வேண்டும். தொழுகையில் ஸுஜூதிலிருந்து எழும்போது முழங்காலில் ‘நறுக்’ என்று சத்தம் கேட்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டொக்டர், “முழங்கால் தேய்வு. ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு அதிகம் வருவது. மாத்திரையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தொடைத் தசையைப் பலப்படுத்துங்கள், நடங்கள், எடையைக் குறையுங்கள்” என்றார்.

அவர் நடக்கச் சொன்னார். மலை ஏறச் சொல்லவில்லை. மலை, என் உம்மாவின் ஆசை.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, வானம் தெளிந்த காலை நேரங்களில் மாமி வீட்டு மேட்டில் என்னை நிறுத்தி, தூரத்தில் கூம்பாகத் தெரியும் ஒரு நீல மலையை உம்மா காட்டுவார். “அதுதான் பாவா ஆதம் மல. ஒரு நாளைக்கு ஏறிப் பாக்கோணும்” என்பார். அந்த நாள் அவருக்கு வரவில்லை. ஆறு மாதமாக வயிற்று நோவை எங்கள் எவரிடமும் சொல்லாமல் மறைத்தார். கேட்டால் “ஒண்டுமில்ல மகள், காத்துப் போல” என்பார். சொன்ன நேரம் காலம் கடந்திருந்தது. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

எனவே, டொக்டரிடம் மீண்டும் போய்க் கேட்டேன். இருதயம், இரத்த அழுத்தம், சீனி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டுப் போங்கள். அவசரப்படாதீர்கள். முடியாதென்றால் திரும்பி வாருங்கள்” என்றார். அவர் சொன்னதில் முதல் பாதியை ஒழுங்காகச் செய்தேன். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழும்பி உட்காருவது, காலை நீட்டி ஒரு சாண் உயர்த்திப் பிடிப்பது, ஸுபஹுக்குப் பின் அரை மணி நேர நடை, தங்கை வீட்டு மாடிப்படிகளில் இருபதில் தொடங்கி இருநூறு வரை ஏறி இறங்குவது. இரண்டாம் பாதியை நான் எப்படிக் காற்றில் விட்டேன் என்பதுதான் இக்கட்டுரை.

நாலு பெயர் கொண்ட மலை

பௌத்தர்களுக்கு ஸ்ரீ பாத. இந்துக்களுக்குச் சிவனொளிபாத மலை. நமக்குப் பாவா ஆதம் மலை. ஆங்கிலேயரின் வரைபடங்களில் ஆதம் சிகரம். உயரம் 2,243 மீற்றர், அதாவது 7,359 அடி. உச்சிப் பாறையில் ஒரு பாதத்தின் வடிவம். ஒவ்வொரு சமூகமும் அதைத் தன் நம்பிக்கையோடு சேர்த்துப் பார்க்கிறது. ஆதம் (அலை) அவர்கள் பூமியில் இறக்கப்பட்ட இடத்தின் பெயரைக் குர்ஆன் சொல்லவில்லை. ஆனால், அது ஸரந்தீப் என்னும் இந்தத் தீவின் மலைதான் என்ற பேச்சு அறபு வணிகர்களிடமும் பயணிகளிடமும் பல நூற்றாண்டுகளாக இருந்து வந்திருக்கிறது.

அந்தப் பேச்சை நம்பி வந்தவர்களில் ஒருவர்தான் மொரோக்கோ நாட்டு இப்னு பதூதா. 1304இல் தன்ஜா நகரில் பிறந்தவர். மாலைதீவிலிருந்து கப்பலில் 1344இல் இங்கு வந்திறங்கியபோது அவருக்கு நாற்பது வயது. கரையில் அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி என்னும் தமிழ் மன்னர். என்ன வேண்டும் என்று மன்னர் கேட்க, ஆதமின் பாதத்தைக் காண வேண்டும், வேறு ஆசையில்லை என்றாராம். மன்னர் பல்லக்கும், அதைத் தூக்க ஆட்களும், வழி தெரிந்த யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்தனுப்பினார்.

அந்நாளில் மலைக்கு இரண்டு பாதைகள் இருந்தன என்று அவர் எழுதுகிறார். ஒன்று பாபா பாதை, மற்றது மாமா பாதை. மாமா என்றால் நம் உம்மாவின் சகோதரரல்ல. அன்னை ஹவ்வா அவர்களை அந்நாளில் அப்படிச் சொன்னார்களாம். பாபா பாதை செங்குத்தானது, கடினமானது. சங்கிலியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏற வேண்டும். பத்தாவது சங்கிலிக்குக் ‘கலிமாச் சங்கிலி’ என்று பெயர். அங்கே நின்று கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கலிமாவை மொழிந்துவிடுவாராம்! மாமா பாதை இலேசானது. ஆனால், அதன் வழியாக ஏறியவரை யாத்திரை செய்தவராகவே யாரும் கணக்கெடுப்பதில்லை. காட்டு அட்டைகளின் தொல்லையையும், அதற்கு எலுமிச்சை பிழிவதையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. இன்றும் மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு இது பயன்படும்.

விடியலில் தொடங்கினோம்

இன்று மலைக்குப் பல பாதைகள் உண்டு. இரத்தினபுரிப் பக்கத்துப் பாதைகள் நீளமானவை. பெரும்பாலானோர் போவது ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியிலிருந்து. இது குறுகிய பாதைதான் என்றாலும் ஏறத்தாழ 5,500 படிகள்; ஆயிரம் மீற்றர் அளவு ஏற்றம். பருவகாலம் டிசம்பர் மாத உந்துவப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடியும். அந்த மாதங்களில் பாதை முழுக்க மின்விளக்கும் தேநீர்க் கடைகளும் இருக்கும். கூட்டம் இரவில்தான். சூரிய உதயத்தையும், விடியலில் மேற்குப் பக்கம் விழும் மலையின் முக்கோண நிழலையும் பார்க்க எல்லோரும் நள்ளிரவில் ஏறுவார்கள். நாங்கள் பெப்ரவரியில் ஒரு வார நாளில், பகலில் ஏறுவதென்று தீர்மானித்தோம். இரவில் நெரிசலில் படியைப் பார்த்துக் கால் வைக்க என்னால் இயலாது.

நான், பிள்ளைகளின் வாப்பா, மகள், இளைய மகன். நால்வரும் முதல் நாள் மாலையே மவுசாகலை நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு போய் நல்லதண்ணியில் தங்கினோம். ஸுபஹ் தொழுதுவிட்டு ஆறு மணிக்குப் புறப்பட்டோம். கணுக்கால் தெரியாத, ஆனால் படியில் மிதிபடாத அளவுக்கு அபாயாவின் கீழ்க்கரையை இரண்டு அங்குலம் மடித்துத் தைத்திருந்தேன். உள்ளே சல்வார், காலில் பழகிய சப்பாத்து, கையில் கொய்யாக் கம்பு. மகள் புறப்படும் முதல் நாள்தான் புதுச் சப்பாத்து வாங்கியிருந்தாள். அதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

முதல் ஒரு மணி நேரம் சுகமான நடை. தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி, மகர தோரணத்தைத் தாண்டி, ஜப்பானியர் கட்டிய வெள்ளைச் சமாதான தூபியை ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம். சீத்த கங்குல என்னும் ஓடையில் யாத்திரிகர்கள் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பனிக்கட்டி போல. இரவில் ஏறியவர்கள் எதிரே இறங்கி வந்தார்கள். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒருவருக்கொருவர் “கருணாவய்” என்று சொல்லிக்கொள்வது இம்மலையின் வழக்கம். முதல் தடவை ஏறுகிறவர்களுக்குக் ‘கோடுகாரர்’ என்று பெயர். நாங்கள் நால்வருமே கோடுகாரர்.

வெள்ளைச் சேலை உடுத்த ஓர் ஆச்சி, எழுபதுக்குக் கீழே வயது சொல்ல முடியாது, வெறுங்காலுடன் பேரனின் தோளைப் பிடித்தபடி இறங்கி வந்தார். என் கம்பையும் நான் கால் வைக்கும் விதத்தையும் பார்த்து, “ஹெமின் ஹெமின் துவே” என்றார். மெதுமெதுவாகப் போ மகளே, என்று அர்த்தம். ஐம்பத்தாறு வயதில் என்னை மகளே என்றழைக்க ஒரு ஆள் இருந்தது மனதுக்கு இதமாக இருந்தது.

மறைத்து வைத்த நோவு

தூபியைத் தாண்டியதும் உண்மையான ஏற்றம் தொடங்குகிறது. படிகள் ஒரே அளவில் இல்லை. ஒன்று அரை அடி, அடுத்தது ஒன்றேகால் அடி. ஒன்பது மணியளவில் தொடைகள் இரண்டும் உளையத் தொடங்கின. அது எதிர்பார்த்த நோவு. பெரிய பெருநாளைக்கு வீடு முழுக்கக் கழுவினால் மறுநாள் வருமே, அது போன்றது. நின்றால் குறையும், நடந்தால் கூடும்.

பத்து மணிக்குப் பிறகு வேறொரு நோவு வந்தது. வலது முழங்காலின் உட்பக்கம், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், ஊசி குத்துவது போல. இது உளைவு அல்ல என்பது எனக்குத் தெரியும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

“உம்மா, கால் நோகுதா?” மகள் கேட்டாள்.

“ஒண்டுமில்ல மகள். நட.”

“கொஞ்சம் இருந்துட்டுப் போவமா?” பிள்ளைகளின் வாப்பா கேட்டார்.

“வேணாம். இருந்தா எழும்ப ஏலாமப் போகும்.”

சகோதரிகளே, நான் ஏன் மறைத்தேன்? யோசித்துப் பார்த்தால் மூன்று காரணம். முதலாவது, “நான் சொன்னேனே” என்று தங்கை சொல்வாளே என்ற ரோஷம். இரண்டாவது, என்னால் இவர்களின் பயணம் கெட்டுவிடக் கூடாதென்ற எண்ணம். மூன்றாவது, பழக்கம். காய்ச்சலோடு சோறாக்கியிருக்கிறோம். நாரி நோவோடு உடுப்புக் கழுவியிருக்கிறோம். கேட்டவருக்கெல்லாம் ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல என்று சொல்லிச் சொல்லியே நாவு பழகிவிட்டது.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். பாதையோரக் கழிவறைக்குப் போவதற்கு வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். பெண்கள் பலர் பயணங்களில் செய்வது இதுதான். ஏற்றத்தில் உடம்பு வியர்த்துக்கொண்டே இருக்கும்; மலைக் குளிரில் அது நமக்குத் தெரியாது. நீரும் உப்பும் குறைந்தால் களைப்பு சீக்கிரம் வரும், தலை சுற்றும். பதினொரு மணிக்கு எனக்குத் தலை இலேசாகச் சுற்றியது.

இந்திகட்டு பான என்னும் இடத்தில் யாத்திரிகர்கள் வெள்ளை நூல் பந்தை அவிழ்த்து வழிநெடுக இழுத்துச் செல்வார்கள். கைப்பிடிக் கம்பிகளெல்லாம் நூலால் மூடிக் கிடந்தன. அங்கிருந்து மேலே படிகள் ஏணி போல நிமிர்ந்துவிடுகின்றன. நடுவிலுள்ள இரும்புக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்து, கால்களால் ஏறுவதை விட்டுக் கைகளால் என்னை நானே இழுத்துக்கொண்டு போனேன். கலிமாச் சங்கிலியின் அர்த்தம் அப்போது விளங்கியது.

உச்சியில்

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் மேலே போய்ச் சேர்ந்தோம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு முற்றத்தில் நின்றோம். பாதம் இருக்கும் பாறை மீது சிறிய கட்டடம். பக்தர்கள் வரிசையாக வணங்கிப் போனார்கள். எத்தனை தடவை ஏறினாரோ அத்தனை தடவை மணியை அடிப்பது அவர்கள் வழக்கம். ஒரு முதியவர் அடித்த மணியை மகன் எண்ணினான். பதினேழு! நாங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று பார்த்தோம்.

கீழே ஒன்றும் தெரியவில்லை. மேகம்தான். இப்னு பதூதாவும் உச்சியில் நின்றபோது மேகங்கள் தம் காலுக்குக் கீழே மிதந்து மலையடிவாரத்தை மறைத்ததாக எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட எழுநூறு வருடத்துக்குப் பிறகு அதே காட்சி. சற்று நேரத்தில் காற்று ஒரு பக்கத்து மேகத்தை விலக்கியது. காடு, அதற்கு அப்பால் நீர்த்தேக்கத்தின் வெளிச்சம். இந்தக் காடு 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. களனி கங்கையும் களு கங்கையும் ஊற்றெடுப்பது இந்த மலைப் பக்கத்தில்தான். கொழும்பு வீடுகளின் குழாய்த் தண்ணீர் இந்த மலை மழையில் தொடங்குகிறது.

வடகிழக்குப் பக்கம் பார்த்தேன். மாமி வீட்டு மேடு அந்தத் திசையில்தான் எங்கோ இருக்க வேண்டும். உம்மாவுக்காகத் துஆச் செய்தேன். அழுதேன். அந்த அழுகையில் பாதி உம்மாவுக்கு, பாதி முழங்காலுக்கு. மகள் என் தோளை அணைத்துக்கொண்டாள். அவள் முகமும் வாடித்தான் இருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இறக்கம்தான் பரீட்சை

ஏறிவிட்டோம், இனி இறங்குவதுதானே என்று நினைப்பது பெரிய பிழை. சம தரையில் நடக்கும்போதே முழங்காலில் விழும் பாரம் நம் உடல் எடையின் இரண்டரை மடங்கு வரும். படி இறங்கும்போது அது மூன்று மடங்கையும் தாண்டும். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது பாரத்தைத் தாங்கியபடியே நீண்டுகொடுக்க வேண்டும். தசை இழைகளில் நுண்ணிய காயங்கள் விழுவது அப்போதுதான். மலை ஏறியவர்கள் இரண்டு மூன்று நாட்களுக்குக் கதிரையில் உட்காரப் படும் பாட்டுக்குக் காரணம் ஏற்றமல்ல, இறக்கமே.

ஒரு மணிக்கு முன் இறங்கத் தொடங்கினோம். முன்னூறு படி கூடப் போயிருக்க மாட்டோம். முழங்கால் ‘மளுக்’ என்று மடிந்தது. கம்பியைப் பிடித்திருந்ததால் விழவில்லை. “கால் வழுக்கிட்டுது” என்றேன். இன்னும் ஒரு பொய்! அதன் பிறகு ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்தேன். மூன்று மணியளவில் ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் இரண்டாம் தடவை கால் மடிந்தது. இம்முறை உட்கார்ந்தே விட்டேன். எழும்ப முடியவில்லை. பிள்ளைகளின் வாப்பாவின் முகம் வெளிறிப் போனது. முப்பது வருட வாழ்க்கையில் அவர் பயந்து நான் கண்டது அன்றுதான்.

“எப்ப இருந்து நோகுது?”

“பத்து மணியிலிருந்து.”

அவர் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் நல்லது போலிருந்தது.

கடைக்காரப் பெண் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவர். பருவகாலத்தில் புருஷனுக்குக் கடையில் உதவி, மற்ற நாட்களில் மலையில் கொழுந்து. வாங்கைத் துடைத்து என்னை உட்கார வைத்தார். இஞ்சி போட்ட பிளேன்டீயும் கருப்பட்டியும் தந்தார். “ஏம்மா, வலியோட எதுக்கு வாயை மூடிக்கிட்டு நடந்தீங்க? நாங்க கூடையோட தினம் மலை ஏறுறோம். வலிச்சா பக்கத்து நெரையில உள்ளவகிட்ட சொல்லுவோம். அவ ரெண்டு பிடி கொழுந்து நம்ம கூடையில போடுவா. நாளைக்கு அவளுக்கு நாம போடுவோம். சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியும்?”

அந்த நேரம் மகள் மெதுவாகத் தன் சப்பாத்தைக் கழற்றினாள். காலுறையின் குதிகால் பக்கம் சிவப்பாக இருந்தது. ஐந்து சத நாணயத்தை விடப் பெரிய கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

“யா அல்லாஹ்! இது எப்ப மகள்?”

“ஏறக்குள்ளயே உம்மா. நீங்க இந்தக் காலோட ஒண்டும் சொல்லாம நடக்கிறீங்க. நான் எப்பிடிச் சொல்ற?”

என் நெஞ்சில் ஒரு கல் விழுந்தது போலிருந்தது. உம்மாவிடமிருந்து நான் கற்றதை என் மகள் என்னிடமிருந்து கற்றுவிட்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துப் படித்துக்கொண்டாள்.

சொன்ன பிறகு

சொன்ன பிறகு எல்லாம் இலேசாயிற்று என்று எழுத மாட்டேன். நோவு அப்படியேதான் இருந்தது. ஆனால், நால்வரும் சேர்ந்து அதற்கு வழி பார்த்தோம். மகளின் காலைக் கொதித்தாறிய தண்ணீரில் கழுவித் துடைத்து, சுத்தமான துணி வைத்து ஒட்டி, மகனின் செருப்பை அவளுக்குப் போட்டோம். மகன் அவளுடைய சப்பாத்தின் பின்பக்கத்தை மிதித்து மடக்கித் தன் காலில் நுழைத்துக்கொண்டு எங்களைச் சிரிக்க வைத்தான். என் முழங்காலுக்குக் குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் நனைத்த துண்டைச் சுற்றினோம். இரண்டு பெனடோல் போட்டேன். இரண்டு கோப்பை தண்ணீர் குடித்தேன்.

கடையின் பின்னறையில் லுஹர் தொழுதோம். நான் வாங்கில் உட்கார்ந்து தொழுதேன். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழட்டும், அதுவும் முடியாதவர் படுத்துத் தொழட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சலுகை காட்டியிருக்கிறார்கள். அந்த ஹதீஸை எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் படிப்பித்திருக்கிறேன். என் விஷயத்தில் மட்டும் அதைப் பயன்படுத்த வெட்கப்பட்டு வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று வந்தேன். படைத்தவனே “உன் நோவைச் சொல், இலகுவாக்குகிறேன்” என்னும்போது, மறைப்பதில் என்ன நன்மை இருக்கிறது?

பிறகு இறங்கினோம். பிசியோதெரபி சொல்லித் தந்த மிஸ் கற்பித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில். கம்பு, நோவுள்ள காலுக்கு எதிர்க் கையில். ஒரு படியில் இரண்டு காலும் வந்து சேர்ந்த பிறகே அடுத்த படி. கம்பி இருக்கும் இடங்களில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்கினேன். நூறு படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தோம். என் பையை மகன் சுமந்தான். பிள்ளைகளின் வாப்பா ஒரு படி முன்னால் நின்று தோளைக் கொடுத்தார். “நோகுது” என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் நால்வரும் நின்றோம். “நோகுது” என்று மகளும் சொன்னாள். அப்போதும் நின்றோம்.

இப்னு பதூதாவும் பாபா பாதையால் ஏறி மாமா பாதையால்தான் இறங்கினார். இலேசான வழியில் இறங்கியதற்காக அவர் யாத்திரை குறைந்து போனதாக அவர் எழுதவில்லை!

அஸர் வழியில். மஃரிபுக்குள் விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. இரவில் ஏறுகிறவர்கள் எங்களைக் கடந்து “கருணாவய்” என்று போனார்கள். ஏழேகாலுக்கு நல்லதண்ணி. அல்ஹம்துலில்லாஹ்.

நோவோடு நடப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்

மலைக்கோ, மக்காவில் ஸஈக்கோ, ஊர்ப் பயணத்துக்கோ போகும் சகோதரிகளுக்குப் பயன்படும் என்பதால், டொக்டரிடமும் அனுபவத்திலும் கற்றதைத் தொகுத்துத் தருகிறேன்.

இரண்டு காலிலும் பரவலாக வரும் உளைவு தசையின் களைப்பு. மெதுவாக்கினால் போதும். மறுநாள் தொடங்கி இரண்டு மூன்று நாள் கூடும், ஒரு வாரத்துக்குள் மறையும். ஒரே இடத்தில் குத்தும் நோவு, வீக்கம், கால் மடிந்து போதல், முழங்கால் பூட்டிக்கொள்ளுதல் ஆகியவை மூட்டின் முறைப்பாடு. நின்று, சொல்லி, திரும்ப வேண்டும்.

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் நோவு, வழமைக்கு மாறான மூச்சுத் திணறல், குமட்டலோடு வியர்வை ஆகியவற்றுக்கு ஒரு படி கூட எடுத்து வைக்கக் கூடாது. பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சு நோவில்லாமலும் வரலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி நோவெடுத்தாலும் உடனே டொக்டரிடம் போக வேண்டும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கொப்புளம் வந்ததே தெரியாது. இரண்டு மணிக்கு ஒரு தடவை சப்பாத்தைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். ஊசியோ மாத்திரையோ பாவிப்பவர் கடின நடையில் சீனி இறங்கிப் போகலாம். இனிப்பைக் கையில் வைத்திருங்கள்.

500 மில்லிகிராம் பெனடோல் 24 மணி நேரத்தில் எட்டைத் தாண்டக் கூடாது. ஈரல் நோய் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் அதையும் எடுக்கக் கூடாது. புரூஃபன், டைக்குளோபினக் போன்றவற்றை வெறும் வயிற்றிலும் தண்ணீர் குறைந்த நிலையிலும் விழுங்க வேண்டாம். இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. புதுச் சப்பாத்தைப் பயணத்துக்கு முன் இரண்டு வாரமாவது போட்டுப் பழக்குங்கள். கழிவறைக்கு வெட்கப்பட்டுத் தாகத்தை அடக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து ஐந்து நாள் கதிரையில் கிடந்தேன். முழங்கால் வீக்கம் வற்ற மூன்று வாரம் சென்றது. பத்து மணிக்கே சொல்லி அரை மணி நேரம் இளைப்பாறியிருந்தால், அல்லது அங்கேயே திரும்பியிருந்தால், இவ்வளவு தூரம் போயிருக்காது என்றார் டொக்டர்.

தங்கை பார்க்க வந்தாள். “நான் சொன்னேனே” என்று சொல்லத்தான் செய்தாள். சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய் எனக்கும் பிள்ளைகளுக்கும் சோறாக்கினாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ராத்தா, எனக்கு மூணு மாசமா இந்தத் தோள்பட்டைக்குள்ள ஒரு நோவு. ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல” என்றாள்.

மறுநாள் காலை, மகளின் கையைப் பிடித்து நொண்டிக்கொண்டே அவளை டொக்டரிடம் கூட்டிப் போனேன்.